சத்திரக்காரனின் இரவு

வேத பகுதி: லூக்கா 10:30-35



நல்ல சமாரியன் உவமையை ஓய்வுநாள் பள்ளி நாட்களிலிருந்தே கேட்டு வருகிறோம். ஆசாரியன், லேவியன், சமாரியன் ஆகிய மூவரைப் பற்றியும் எத்தனையோ பிரசங்கங்கள் உண்டு. சத்திரக்காரனைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் கேட்டதில்லை. சமாரியன் மறுநாளே இரண்டு பணம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டான். அதன்பின் கட்டை அவிழ்த்துப் பார்க்கவும், நடுராத்திரியில் முனகல் கேட்டால் எழுந்து வரவும் சத்திரக்காரனைத் தவிர வேறு ஆள் இல்லை. காணிக்கை அனுப்பும் நீங்கள் சமாரியனின் இடத்தில் இருக்கிறீர்கள். சத்திரக்காரனின் இடத்தில் நிற்பவர்கள் நர்சுகள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சமாரியன் மனதுருக்கத்தோடு நின்றுவிடவில்லை. புண்ணைக் கழுவத் திராட்சரசமும், எரிச்சலை ஆற்ற எண்ணெயும் வார்த்தான். எதை எதற்கு வார்ப்பது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

திருச்சுழி, நரிக்குடி பக்கத்துக் கரிசல் கிராமங்களில் கோடைப் புழுக்கத்துக்குப் பயந்து வாசலிலும் திண்ணையிலும் பாய் விரித்துப் படுப்பார்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். அது கடித்தால் பெரும்பாலும் வலி தெரியாது. பல் பட்ட தடம்கூடச் சில வேளை கண்ணுக்குத் தெரியாது. வயிற்றுவலி என்றுதான் விடியற்காலையில் வருவார்கள். அப்போது நோயாளியின் இமைகள் சரிகின்றனவா, எச்சிலை விழுங்க முடிகிறதா, ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறிப்பது நர்சின் வேலை.

எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால் சிறிது இரத்தம் எடுத்து, உலர்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். உறையாவிட்டால் பெரும்பாலும் கண்ணாடிவிரியன் அல்லது சுருட்டைவிரியனின் விஷம். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயானால் முடிவு தவறிப்போகலாம். விஷமுறிவு மருந்து ஏற்றும்போதும் உடம்பில் தடிப்பு, நடுக்கம், இரத்த அழுத்தம் இறங்குதல் என்று எதுவும் வரலாம். அதனால் அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, நர்ஸ் கட்டிலை விட்டு நகரமாட்டார்.

மூச்சு நின்றுபோனால் ஆம்பு பையை அமுக்கவேண்டும். நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறை என்றால் மணிக்கு 600-க்கும் மேல். மதுரைக்குக் கொண்டுசேர்க்கும் வரை, ஆம்புலன்சுக்குள்ளும், அந்தக் கை ஓயக்கூடாது. நோயாளியோ கண் திறக்கமாட்டார், விரலையும் அசைக்கமாட்டார். உறவினர்கள் பிணம் என்றே அழத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் கட்டுவிரியன் விஷம் தசைகளைத்தான் கட்டிப்போடுகிறது. உள்ளே நினைவு இருக்கும், காது கேட்கும். இதைப் படித்தறிந்த நர்ஸ், அழுகிறவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பையை அமுக்கிக்கொண்டே அவர் காதருகே குனிந்து, "அண்ணாச்சி, பயப்படாதீங்க, நான் பக்கத்துலயேதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். படிப்பு இல்லாத அன்புக்கு இப்படிப் பேசத் தோன்றாது. அதுவும் சேர்ந்து அழுதிருக்கும்.

ஐடா ஸ்கடர் அம்மையார் இதை அறிந்திருந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மரித்ததே அவரை டாக்டராக்கியது என்ற சாட்சியை நாம் அறிவோம். அவர் வேலூரில் 1902-ல் ஆஸ்பத்திரி திறந்தார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918-ல். நர்ஸ் பயிற்சியோ அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே, 1909-ல் தொடங்கிவிட்டது. பிறர் அசுத்தத்தைத் தொடும் வேலை என்று சொல்லிப் பெண்பிள்ளைகளை அனுப்ப வீட்டார் தயங்கிய காலம் அது. அதே வேலூரில் 1946-ல் நர்சிங் பட்டப்படிப்பாயிற்று.

உங்கள் இரண்டு பணத்தில் ஆம்பு பை வாங்கலாம், மருந்துக் குப்பிகளும் வாங்கலாம். அந்தப் பையை அமுக்கத் தெரிந்த பெண்ணை உருவாக்க மூன்று நான்கு ஆண்டுப் படிப்புச் செலவு வேண்டும். காணிக்கை உறையில் "நோயாளிகளுக்கு" என்று எழுதுகிற நம்மில் பலர் "நர்ஸ் படிப்புக்கு" என்று எழுத மறந்துவிடுகிறோம்.

பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் கலந்து பேச: நம் வீட்டார் கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்த்த டாக்டரின் பெயர் நமக்கு நினைவிருக்கும். அன்று இரவுப் பணியில் இருந்த நர்சின் பெயர் என்ன?