காதை உதறும் நாய்

கேள்வி: எங்கள் லாப்ரடார் ஒரு வாரமாகத் தலையை உதறிக்கொண்டே இருக்கிறது. காதுக்குள் பழுப்பு அழுக்கு, புளித்த வாடை. தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி விடலாம் என்கிறார் மாமியார். விடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம், மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நாயின் காதுக்குழாய் நம்முடையதைப் போல நேராகப் போவதில்லை. 'ட' எழுத்தைப் போலக் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் மடங்குகிறது. ஊற்றும் எண்ணெயும், குளிப்பாட்டும்போது புகுந்த தண்ணீரும் அந்த மடிப்புக்கு அப்பால் தேங்கிவிடும். தொங்கும் காது என்பதால் காற்றோட்டமும் குறைவு. ஈரத்தில் ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகும். நீங்கள் சொல்லும் நிறமும் வாடையும் பெரும்பாலும் அதன் வேலைதான். 'பட்ஸ்' விட்டுக் குடையாதீர்கள், அழுக்கு இன்னும் ஆழத்துக்குத்தான் போகும்.

கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும்; போன முறை மிஞ்சிய மருந்தை விடக்கூடாது என்பது இதனால்தான். அழுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையா, பாக்டீரியாவா, காதுப்பூச்சியா என்பது தெரிந்துவிடும். நாய் உதறுவதை நிறுத்திவிட்டாலும் சொன்ன நாள்வரை மருந்தை விடுங்கள்.

திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். பாதங்களை ஓயாமல் நக்குகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தலை ஒருபக்கம் சாய்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, காதுமடல் ரத்தம் கட்டி உப்பினாலோ அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.