படகு ஏற்றும் டிரெய்லருக்கு எந்தப் பிரேக்கு?

2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோதும், 2018 ஆகஸ்டில் கேரளம் தத்தளித்தபோதும், மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிவந்து பலருடைய உயிரைக் காத்தனர். அதன் பின்னர், நீர் சூழும் இடங்களிலுள்ள ஊராட்சிகள் தமக்கென ஒரு சிறு படகும், அதை டிராக்டரோ ஜீப்போ இழுத்துச் செல்ல ஒரு டிரெய்லரும் வைத்துக்கொள்ள விரும்பினால் அது இயல்பே.

படகைப் பற்றித் துருவித் துருவி விசாரிப்போர், டிரெய்லரின் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. "டிராக்டர்தான் இழுத்துவிடுகிறதே" என்பர். இழுப்பது வேறு, நிறுத்துவது வேறு. கரைச் சரிவில் இறங்குகையில் பின்னுள்ள பாரம் டிராக்டரை முன்னே உந்தும். வளைவாயின் பக்கவாட்டில் தள்ளி மடக்கியும் விடும். டிராக்டர்களில் பெரும்பாலும் பின் சக்கரங்களுக்கே பிரேக்கு உண்டு. உழவுக்காகப் பிரித்துவைத்த இடது, வலது மிதிகளைச் சாலையில் ஒன்றாகப் பூட்ட மறந்தால் கேடு இன்னும் பெரிது. வேகம் இரு மடங்கானால் பிரேக்கின் வேலை நான்கு மடங்காகும் என்பதையும் ஓட்டுநர் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் எடை பார்க்க வேண்டும். படகு, எஞ்சின், எண்ணெய், கயிறு, டிரெய்லர் யாவற்றையும் சேர்த்து எடை மேடையில் நிறுத்துப் பார்ப்பதே முறை, கண்மதிப்பு ஏமாற்றும். ஐரோப்பிய நாடுகளில் மொத்தம் 750 கிலோ வரையுள்ள டிரெய்லருக்குப் பிரேக்கு கட்டாயமில்லை. அதற்கு மேற்பட்டால் கட்டாயம். நம் நாட்டு விதிகளை வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிக. விதி எவ்வாறாயினும், சரிவில் இறங்கும் டிரெய்லருக்குப் பிரேக்கு வேண்டும் என்பதே நமது கருத்து.

சிறு டிரெய்லர்களுக்குப் பெரிதும் வழங்குபவை இரு வகை. ஒன்று மின் பிரேக்கு. ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே அதன் பிடியைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். ஆயினும், இழுக்கும் வண்டி ஒவ்வொன்றிலும் அதற்குரிய கருவியைப் பொருத்தவேண்டும். சக்கரத்துள் இருக்கும் காந்தமும் கம்பியும் நீரில் அடிக்கடி மூழ்கினால் அரித்துப்போகும். உப்பு நீரானால் சொல்லவே வேண்டியதில்லை.

மற்றொன்றை உந்து பிரேக்கு எனலாம். முன் வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னே உந்துகிறது. கொக்கியருகே உள்ள தண்டு உள்ளழுந்துகிறது. அவ்வழுத்தம் ஆயில் வழியே சக்கரங்களின் பிரேக்கைப் பிடிக்கச் செய்கிறது. மின் இணைப்பு தேவையில்லை. கொக்கி பொருந்தும் எவ்வண்டியும் இழுக்கலாம். இன்று ஒருவர் டிராக்டர், நாளை இன்னொருவர் ஜீப் என இரவல் பெறும் ஊராட்சிக்கு இதுவே ஏற்றது. இதிலும் டிரம்மைவிட டிஸ்க் சிறந்தது. டிரம்முள் புகுந்த சேறும் நீரும் அங்கேயே தங்கித் துருவேற்றும். டிஸ்க்கோ திறந்திருப்பதால் கழுவலாம், விரைவில் உலரும். விலை சற்று அதிகம். அதைக் கண்டு பின்வாங்கலாகாது. கடலோரமாயின் நாகப்பூச்சோ துருப்பிடிக்காத எஃகோ உள்ளதைக் கேட்டு வாங்குக. ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவுக.

நெடுந்தூரம் ஓடிவந்த சூட்டோடு சக்கரத்தை நீரில் இறக்கலாகாது. சூடான குடம் திடீரெனக் குளிரும்போது உள்ளே நீரை உறிஞ்சிப் பேரிங்கைக் கெடுத்துவிடும். ஒரு தேநீர் அருந்தும் நேரம் பொறுத்தால் போதும்.

கொக்கி கழன்றால் தானே பிரேக்கைப் பிடிக்கச் செய்யும் கம்பியும், குறுக்காக மாட்டிய இரு சங்கிலிகளும் உள்ளனவா எனவும் பார்க்க.

உந்து பிரேக்கிலும் ஒரு குறை உண்டு. மேட்டில் டிரெய்லரைப் பின்னே தள்ளினால் தண்டு அழுந்திப் பிரேக்கு பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கும் அமைப்பு இருத்தல் அவசியம். நீரில் பின்னோக்கி இறக்கும்போதோ பாரம் டிராக்டரை இழுக்கிறதேயன்றி உந்துவதில்லை. ஆகவே பிரேக்கு பிடிக்காது. முழுப் பாரத்தையும் முன் வண்டியே தாங்கவேண்டும். அவ்வேளையில் சக்கரத்திற்குக் கட்டை கொடுக்க ஒருவர் உடன் நடந்துவருதல் நன்று. அவரும் பக்கத்தில் நிற்கவேண்டுமேயன்றிச் சக்கரத்திற்கு நேர் பின்னே நிற்கலாகாது.