தேர்விகள் மூன்று

ஜவ்வாது மலையைப் பற்றி வலைப்பக்கம் ஒன்று அமைத்து வருகிறேன். அதில் பத்திகள் யாவும் கருநிறம், ஊர்களைக் கூறும் பத்திகள் பச்சை, 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பெற்ற காவலூர் மட்டும் சிவப்பு. இவ்வாறு நிறமிடுவது, 1996-இல் தரநிலையாக்கப்பெற்ற சி.எஸ்.எஸ். மொழி. எதற்கு நிறமிடுவதென்று சுட்டுவது தேர்வி.

அடிப்படைத் தேர்விகளுள் மூன்றைக் காண்போம். பத்தி உறுப்பின் குறியாகிய ‘பி’யை எழுதினால் எல்லாப் பத்திகளும் மாறும். ‘.ஊர்’ எனப் புள்ளியிட்டால், பக்கத்தில் ஊர் என வகுப்புப் பெயர் சூட்டியவை மட்டும் மாறும். ‘#காவலூர்’ என்றால், அவ்வடையாளம் பெற்ற ஒன்றே மாறும். விதிகள் முரண்பட்டால் உறுப்பை வகுப்பும், வகுப்பை அடையாளமும் வெல்லும். ஆதலால், ஊர் வகுப்பில் இருந்தும் காவலூர் சிவக்கிறது.

நண்பர்களே, வகுப்பு, அடையாளப் பெயர்களைத் தமிழெழுத்திலேயே இடலாம். கணினி ஏற்கிறது, நாம் ஏன் தயங்க வேண்டும்?