அணியும் அதன் மூலகங்களும்: பண்புகளைப் பெறல்

மாணவர்களே, கண்டி நகரிலிருந்து ஹந்தானை வீதி வழியே ஏறிச் சென்றால் இலங்கைத் தேயிலை நூதனசாலையை அடையலாம். 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையே 2001இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அங்குள்ள பழைய இயந்திரங்களை உங்களிற் சிலர் பார்த்திருப்பீர்கள். கொழுந்து அவ்வியந்திரங்களைச் சேருமுன் மலையில் ஒரு கணக்கு நடைபெறும். அதுவே நிறுவை. ஒவ்வொருவர் பறித்த கொழுந்தும் நிறுக்கப்பட்டு அவரவர் பெயருக்கு நேரே பதியப்படும். குறித்த அளவுக்குக் குறைந்தால் 'அரைப் பேர்', அதாவது அரைநாட் சம்பளம் என்பது தோட்டங்களிற் பலரும் அறிந்த வழக்கு. அப்பட்டியலில் ஓர் எண் தவறினால் ஒரு வீட்டின் சம்பளம் குறையும். ஆகவே இப்பாடத்துக்கு அதனையே உதாரணமாகக் கொள்வோம்.

ஐவரின் ஒரு நாள் நிறை (கிலோகிராமில்) பின்வருமாறு என்க.

சுட்டெண்: 0, 1, 2, 3, 4
கொழுந்து: 18, 21, 16, 19, 22

'கொழுந்து' என்பது அணியின் பெயர். அணி முழுவதற்கும் உரிய பண்பு நீளம். இங்கு அது 5. கொழுந்து[2] என்பது ஒரு மூலகம். அதன் பெறுமானம் 16. இதற்கு 21 என விடையெழுதுவோர் ஒன்றிலிருந்து எண்ணுகின்றனர். பாஸ்கல் மொழியில் தொடக்கச் சுட்டெண்ணை 0 ஆகவோ 1 ஆகவோ நாமே அறிவிக்கலாம். பைதன் மொழியில் அது எப்போதும் 0 ஆகும். எனவே வினாவில் அணியின் அறிவிப்பு வரியை முதலில் வாசிக்க.

இனி மொத்த நிறையைக் காண்போம்.

மொத்தம் = 0
சு = 0 முதல் நீளம் − 1 வரை
   மொத்தம் = மொத்தம் + கொழுந்து[சு]
மீள்செயல் முடிவு
மொத்தத்தைக் காட்டு

விடை 96, சராசரி 19.2. மேலெல்லையை 'நீளம் − 2' என எழுதிவிட்டால் என்ன நிகழும்? கடைசி மூலகம் விடுபட்டு மொத்தம் 74 ஆகும். அதனை 5ஆல் வகுத்தால் சராசரி 14.8. குறித்த அளவு 18 எனின், அளவைத் தாண்டிய குழு அளவை எட்டாத குழுவாகத் தோன்றும். விடுபட்டவரோ அன்று எல்லோரிலும் கூடுதலாகப் பறித்தவர்!

மறுபுறம் 'நீளம்' வரை சென்றால் இல்லாத கொழுந்து[5]ஐத் தேட நேரும். பைதன் வழுச் செய்தி காட்டி நின்றுவிடும். பாஸ்கலிலோ எல்லைச் சோதனை இயங்காதபோது, நினைவகத்தில் அடுத்துள்ள ஏதேனும் ஒரு பெறுமானம் கூட்டப்படலாம். இதுவே கூடிய ஆபத்து. பிழை இருப்பது தெரியாமலே சம்பளப் பட்டியல் அச்சாகும்.

நிறை மட்டும் போதுமா? அது யாருடையது என்றும் தெரிய வேண்டும். இலக்கங்களுக்கு ஓர் அணியும் நிறைகளுக்கு வேறோர் அணியும் வைப்பது ஒரு முறை. எனினும் நிறை அணியை மட்டும் ஏறுவரிசைப்படுத்தினால் ஒருவரின் கொழுந்து இன்னொருவரின் இலக்கத்துக்குப் போய்விடும். இதனால் இரண்டையும் ஒரே பதிவில் வைப்பதே நன்று. தரவுத்தளப் பாடத்தில் கற்ற பதிவு, புலம் என்பவற்றை நினைவுகூர்க.

பணியாளர்[2].இலக்கம் = 103
பணியாளர்[2].நிறை = 16

புள்ளியை 'இன்' என வாசித்துப் பழகுக: இரண்டாம் சுட்டெண்ணிலுள்ள பணியாளரின் நிறை. பணியாளர்.நிறை என எழுதுவது தவறு. நிறை ஒருவருக்கு உரியது, பட்டியலுக்கு உரியதன்று. அவ்வாறே நீளம் பட்டியலுக்கு உரியது, அதிலுள்ள ஒருவருக்கு உரியதன்று. பரீட்சையில் இவ்விரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளி இழப்போர் பலர்.

பயிற்சி: சாக்கின் நிறைக்காக ஒவ்வொருவரிடமிருந்தும் 1 கிலோகிராம் கழிக்கப்படுகிறது.
1. மீள்செயலுள் மாற்ற வேண்டிய வரியை எழுதுக.
2. புதிய மொத்தம் யாது?
3. குறித்த அளவு 18 எனின், அரைப் பேர் பெறுவோரின் சுட்டெண்கள் எவை?

விடை: (1) மொத்தம் = மொத்தம் + கொழுந்து[சு] − 1 (2) 91 (3) 0, 2. கழிவுக்கு முன் அரைப் பேர் பெற்றவர் ஒருவரே என்பதையும் அவதானிக்க.