மூன்றாவது பின்னை ஏன் பிடுங்குகிறீர்கள்?

வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பற்றி ஜொகூர் இசைக்குழுக்களிடையே உலவும் கதைகளில் பெரும்பாலானவை பணத்தைத்தான் கரைக்கும், ஆளைக் கொல்லாது. ஒன்று மட்டும் கொல்லும். “ஆம்ப் ‘ம்ம்ம்’ என்று முனகினால் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிடு, சுத்தமாகிவிடும்” என்பதுதான் அது. மாசாயிலிருந்து மூவார் வரை இதைக் கேட்காத கிட்டார்க்காரர் இருக்க மாட்டார். உள்ளே கையாலேயே வயரிங் செய்த விலை உயர்ந்த ஆம்பை வாங்கியவர்தான் இதை முதலில் நம்புகிறார் என்பது வேடிக்கை. இவ்வளவு காசு கொடுத்த பொருள் முனகலாமா என்று அவருக்கு எரிச்சல். யாரோ ஒருவர் வந்து பின்னைப் பிடுங்குகிறார், முனகல் நிற்கிறது. அன்றிலிருந்து அந்த ஆள் நிபுணர், எர்த் பின் குற்றவாளி.

அந்தப் பின் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்பதை ஒரு முறையாவது வயர் வயராகத் தொடர்ந்து பார்க்க வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய வயர் ஜாக்குக்குப் போகிறது. ஜாக்கிலிருந்து கேபிளின் வெளிச்சடை வழியாக ஆம்பின் உலோகச் சட்டத்துக்கு. சட்டத்திலிருந்து பச்சை மஞ்சள் வயர் வழியாக எர்த் பின்னுக்கு. ஆக, வாசிப்பவரின் இடது கை எந்நேரமும் தொட்டுக்கொண்டிருப்பது ஆம்பின் உடம்பைத்தான். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் கருகியோ ஒரு வயர் கழன்றோ 230 வோல்ட் அந்த உடம்பில் பட்டுவிட்டது என்று வையுங்கள். எர்த் பின் இருந்தால் அந்தக் கரண்ட் அதன் வழியே மண்ணுக்குப் பாயும், கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் அந்தக் கணமே விழும், மேடை இருண்டுபோகும், நாலு பேர் சத்தம் போடுவார்கள். அத்துடன் முடிந்தது. பின் இல்லையென்றால் ஆம்ப் வழக்கம்போலப் பாடிக்கொண்டே இருக்கும். கம்பியில் 230 வோல்ட் காத்திருக்கும். பாட வேண்டிய இடம் வந்ததும் அவர் மைக்கை நெருங்குவார். மைக்கின் வலை மிக்ஸர் வழியாக எர்த்தில் இருக்கிறது. வியர்த்த உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால் பாய்வது 230 மில்லிஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பகுதியே போதும். பிளக்கில் ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். அது 13 ஆம்பியர் ஃபியூஸ். கால் ஆம்பியர்கூட இல்லாத ஒரு உயிர்ப்பலி அதன் கண்ணிலேயே படாது.

பயமுறுத்தக் கட்டிய கதையல்ல இது. 1972 மே மாதம் பிரிட்டனில் ஸ்வான்சீ நகர மேடையில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு, பார்வையாளர்கள் கண்ணெதிரே இறந்தார். வயது 27. 1976 மே மாதம் யார்ட்பேர்ட்ஸ் குழுவில் பாடிய கீத் ரெல்ஃப், வீட்டில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் 1965 டிசம்பரில் சாக்ரமெண்டோ மேடையில் கிட்டார் மைக் ஸ்டாண்டில் பட்டதும் நினைவிழந்து விழுந்தார். அவர் போட்டிருந்த ரப்பர் அடிக் காலணிதான் உயிரைக் காத்தது என்று இன்றுவரை சொல்கிறார்கள். மூவருமே கருவிகளோடு வாழ்ந்தவர்கள். அனுபவம் கரண்டுக்குக் காப்பு என்றால் அவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது.

“ஆனால் பின்னைப் பிடுங்கியதும் முனகல் நின்றதே, கண்ணால் பார்த்தோமே” என்பார்கள். நின்றிருக்கும். ஏன் நின்றது என்று கேட்காமல் விட்டதுதான் தவறு. ஆம்ப் மேடையில் ஒரு பிளக் பாயிண்டில், மிக்ஸர் மண்டபத்தின் மறுகோடியில் இன்னொரு பிளக் பாயிண்டில். இரண்டும் எர்த்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒரு ஆடியோ கேபிளும் இணைக்கிறது. அந்தக் கேபிளின் சடையும் சுவருக்குள் ஓடும் எர்த் வயர்களும் சேர்ந்து ஒரு பெரிய வளையமாகின்றன. சுற்றியிருக்கும் மின்வயர்களின் 50 ஹெர்ட்ஸ் அந்த வளையத்தில் ஏறி, ஸ்பீக்கரில் முனகலாக வருகிறது. வளையத்தை எந்த இடத்தில் வெட்டினாலும் முனகல் நிற்கும். எர்த் பின்னில் வெட்டலாம், ஆடியோ கேபிளிலும் வெட்டலாம். முதலாவது உயிர்க்காப்பை அறுக்கிறது. இரண்டாவதற்காகவே, கருவியை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸ்களில் ஒரு சிறு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ‘கிரவுண்ட் லிஃப்ட்’. பாதி வதந்தி இந்தப் பெயரால் கிளம்பியது என்றே தோன்றுகிறது. அது தூக்குவது ஆடியோ கேபிளின் சடையை, சுவர் பிளக்கின் எர்த்தை அல்ல. இரண்டு ஆம்பை ஒரே கிட்டாரில் ஓட்டுகிறவர்கள், உள்ளே சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பிரிப்பானை வாங்கிக்கொண்டால் அதே வேலை நடக்கும். பத்தாயிரம் ரிங்கிட்டில் ஆம்ப் வாங்க முடிந்தவருக்கு இந்தச் செலவு வலிக்கிறது என்றால் நம்ப முடியவில்லை.

வளையமே இல்லாத முனகல்களும் உண்டு. அவற்றுக்குப் பின்னைப் பிடுங்குவது தலைவலிக்குச் செருப்பை மாற்றுவது போல. கேபிளை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். முனகல் நின்றால் குற்றம் கிட்டாரில் அல்லது கேபிளில். ஒற்றைச் சுருள் பிக்கப் முனகத்தான் செய்யும். அதற்காகத்தான் 1955 வாக்கில் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் இரட்டைச் சுருள் ஹம்பக்கரை உருவாக்கினார். கேபிளைக் கழற்றியும், வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கியும் நிற்கவில்லை என்றால் குற்றம் ஆம்புக்குள். கனத்த, தாழ்ந்த முனகல் 50 ஹெர்ட்ஸ். அது பெரும்பாலும் வால்வை சூடாக்கும் ஹீட்டர் வயரிலிருந்து வருகிறது, அல்லது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்திலிருந்து. கொஞ்சம் கரகரப்பாக, ஒரு ஸ்தாயி மேலே கேட்பது 100 ஹெர்ட்ஸ். ஃபில்டர் கெபாசிட்டர்கள் காய்ந்துவிட்டன, இல்லையேல் பவர் வால்வுகளில் ஒன்று மற்றதோடு ஒத்துப்போகவில்லை என்று அதற்குப் பொருள். முனகல் என்பது ஆம்ப் சொல்லும் புகார். புகார்தாரரின் வாயை அடைத்துவிட்டு வழக்கு முடிந்தது என்று எழுதுகிறோம். ஒரு எச்சரிக்கை: கெபாசிட்டரைப் பார்க்கிறேன் என்று யாரும் ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டாம். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் போன்ற 22 வாட் ஆம்பிலேயே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கை உருவிய பிறகும் அது கெபாசிட்டரில் தங்கியிருக்கலாம்.

அடுத்த வாதம் இன்னும் பழையது. “அந்தக் காலத்தில் எர்த் இல்லாமலே வாசித்தார்களே!” 1961ல் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து போனபின் ஜொகூர் பாலத்துக்கு இருபுறமும் கிட்டார் குழுக்கள் முளைத்தன. அன்று ஆம்ப் என்றால் வால்வுதான், வேறு பேச்சில்லை. அப்போது வந்த அமெரிக்க ஆம்புகள் பலவற்றில் எர்த் பின்னே கிடையாது என்பதும் உண்மை. அதற்குப் பதிலாக உள்ளே ஒரு சிறு கெபாசிட்டர், மின்லைனில் ஒன்றை உலோகச் சட்டத்தோடு இணைத்தது. 0.047 மைக்ரோஃபாரட் என்றால் நம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய மூன்றரை மில்லிஆம்பியர் கசியும், விரலில் சுருக்கென்று தைக்கும். அந்தக் கெபாசிட்டர் ஷார்ட் ஆனால் முழு மின்சாரமும் சட்டத்துக்கு வந்துவிடும். பழுதுபார்ப்பவர்கள் அதை ‘சாவுக் கெபாசிட்டர்’ என்றே அழைக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் அதை முதல் வேலையாக வெட்டி எறிந்துவிட்டு மூன்று பின் வயரைப் போடுகிறார்கள். ‘இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை’ என்பதும் சான்று அல்ல. பழுது வரும்வரை எர்த்துக்கு வேலையே இல்லை. பழுது வரும் நாளில் அது ஒன்றுக்குத்தான் வேலை. வால்வு ஆம்போ தன் சூட்டிலேயே தன் இன்சுலேஷனை வேகவைக்கும் சாதனம்.

“ஆர்சிசிபி இருக்கிறதே” என்போருக்கு: எர்த் இல்லாதபோது அது விழ வேண்டுமானால் கரண்ட் முதலில் உங்கள் உடம்பு வழியே ஓடியாக வேண்டும். அதுவும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால். 100 மில்லிஆம்பியர் மட்டுமே உள்ள பழைய தாமான் வீடுகள் எத்தனையோ. “ஜெனரேட்டரில் ஓடும்போது எர்த் எதற்கு, அது மண்ணோடு சேரவே இல்லையே” என்று ஒருவர் கேட்டால், அது கொஞ்சம் யோசித்த கேள்வி. அப்போதும் எர்த் பின் ஆம்பின் உடம்பையும் மிக்ஸரின் உடம்பையும் ஒன்றாகக் கட்டிவைக்கிறது. இரண்டுக்கும் இடையே வோல்ட்டேஜ் வித்தியாசம் எழாது. கம்பியில் கையும் மைக்கில் உதடும் இருக்கும்போது அந்தக் கட்டுதான் முக்கியம்.

நம் ஊரில் பின்னைப் பிடுங்காமலே எர்த்தை இழக்கும் வழிகளும் இருக்கின்றன. இவற்றை யாரும் பேசுவதில்லை. ஜெர்மனியிலிருந்து வரும் ஆம்ப் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், எல்லாம் பொருந்துகிறது. பிளக் மட்டும் இரண்டு உருண்டைப் பின். நம் சொக்கெட்டின் மேல் துளையில் பேனாவைச் செருகி, உள்ளிருக்கும் மூடியைத் திறந்து, இரண்டு பின்னையும் அழுத்தித் திணிப்பது மலேசியாவில் குழந்தைக்கும் தெரிந்த வித்தை. அந்த ஐரோப்பிய பிளக்கின் எர்த் இரு பக்கவாட்டிலும் இருக்கும் உலோகத் தகடு. நம் சொக்கெட்டில் அது எதையும் தொடாது. ஆம்ப் பாடும், எர்த் இருக்காது. தீர்வு ஒரு கேபிள். பெரும்பாலான புதிய ஆம்புகளுக்கு மேசைக் கணினிக்குப் போடும் அதே கேபிள்தான். சிரிம் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கி மாட்டினால் போதும். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் ஆம்ப் இன்னும் மோசம். ஸ்டெப்-டவுன் பெட்டியில் பல நேரம் இரண்டு துளைதான். மூன்றாவது துளை இருந்தாலும் உள்ளே வயர் இருக்கிறதா என்பது சந்தேகம். எர்த் இருந்தாலும் இன்னொரு சிக்கல் பாக்கி: ஸ்டெப்-டவுன் வோல்ட்டைத்தான் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. 60க்கென்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் 50ல் காந்தப்பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. இரண்டுக்கும் தாங்குமாறு செய்த மாடல்களும் உண்டு. பின்பக்கத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் மலிவு என்று வாங்குகிறவரைத் தடுக்க முடியாது.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை. ஸ்டேண்ட்பை சுவிட்சைப் போட்டுச் சூடேற்றாவிட்டால் வால்வு செத்துவிடுமா? பழைய வால்வு ரேடியோவில் அந்தச் சுவிட்ச் எங்கே இருந்தது? குமிழைத் திருகினால் டயல் விளக்கு எரியும், அரை நிமிடம் கழித்துப் பாட்டு வரும், அப்படியே பல வருடம் ஓடியது. சூடேறும் முன் வோல்ட் வந்தால் வால்வின் கேத்தோடு (எலெக்ட்ரானை உமிழும் பகுதி) உரிந்துவிடும் என்ற கதை ஆயிரக்கணக்கான வோல்ட்டில் இயங்கும் ஒலிபரப்பு வால்வுகளுக்கு உரியது. உண்மையில் மணிக்கணக்காக ஸ்டேண்ட்பையில் சூடாக விட்டுவைப்பதுதான் கேத்தோடுக்குக் கெடுதல். நம் ஊர் ஈரக்காற்று வால்வைக் கெடுக்குமா? வால்வு வெற்றிடத்தை உள்ளே வைத்து மூடிய கண்ணாடி, காற்று உள்ளே போனால் அது அன்றே முடிந்துவிடும். ஈரம் தின்பது சொக்கெட் தொடர்புகளையும் பொட்டென்ஷியோமீட்டரையும் ஸ்பீக்கரின் காகிதத்தையும்தான். வாரம் ஒருமுறை ஆம்பை ஓட்டினால் அதன் சூடே அதைக் காயவைக்கும். 100 வாட், 22 வாட்டைவிட ஐந்து மடங்கு சத்தமா? ஆறேழு டெசிபல் கூடுதல், அவ்வளவே. ஒட்டிக்கட்டிய தாமான் வீட்டில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 22 வாட்டே அதிகம். பழைய முல்லார்ட் வால்வு வாங்கினால் ஆம்பே மாறிவிடுமா? மாறும், கொஞ்சம். ஸ்பீக்கரை மாற்றினால் அதைவிட அதிகம் மாறும்.

திரும்பவும் எர்த்துக்கே வருகிறேன். பின்னைப் பிடுங்காதவரும் சுவர் கொடுக்காத எர்த்தைப் பெற முடியாது. பெரும்பாலான வீடுகளில் எர்த் என்பது போர்ச் ஓரத்தில் மண்ணில் அடித்த ஒரு செம்புக் கம்பி. டைல்ஸ் போடும்போது அதன் மேல் சிமெண்டு பூசியிருப்பார்கள், வயர் பச்சை பிடித்து அறுந்திருக்கும், யாருக்கும் தெரியாது. கோவில் மண்டபங்களின் நிலை இதைவிடக் கவலை. திருவிழா கலை இரவுக்கு விளக்கலங்காரத்துக்குத் தாராளமாகச் செலவு செய்யும் நிர்வாகம், மேடைக்கு அருகில் உள்ள சொக்கெட்டை எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனிடம் காட்டிக் கடைசியாகச் சோதித்தது எப்போது? மூன்று சிறு விளக்குள்ள சொக்கெட் டெஸ்டரைச் செருகினால் எர்த் இணைந்திருக்கிறதா என்று மட்டும் தெரியும். எவ்வளவு நன்றாக இணைந்திருக்கிறது என்பதை அளக்கக் கருவியும் ஆளும் வேண்டும். ஆர்சிசிபியில் ‘டி’ என்று எழுதிய பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கக் கருவியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். இசைக்குழுக்கள் முன்பணம் கேட்கும்போது இந்தச் சோதனைகளையும் கேட்கத் தொடங்கினால் நிர்வாகங்கள் வழிக்கு வரும்.

பழைய ஆம்ப் வாங்கப் போகிறவர்கள் வால்வின் பெயரையும் ஆண்டையும் பார்ப்பதற்கு முன் பிளக்கைக் கையில் எடுங்கள். மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக இருக்க வேண்டிய பின் அறுபட்டு மொட்டையாக நிற்கிறதென்றால், முன்பு வைத்திருந்தவருக்கு ஒரு முனகல் இருந்தது, அவர் அதைத் தேடவில்லை என்று அர்த்தம். அது இன்னும் உள்ளேயே இருக்கலாம். கையோடு கொண்டுபோன மூன்று பின் கேபிளை மாட்டி, இன்னொரு முறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விலை பேசுவது அதற்குப் பிறகு.