ஏரோஸ்பேஸ் சீட் கிடைக்காவிட்டால் என்ன?

கலந்தாய்வில் ஏரோஸ்பேஸ் நழுவிப்போனதும் இஸ்ரோ கனவை மூட்டை கட்டிவிடும் பிள்ளைகள் அதிகம். அவசரப்படாதீர்கள். இஸ்ரோவின் ‘சயின்டிஸ்ட்/இன்ஜினியர் எஸ்.சி.’ பணி அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களைத்தான் கேட்பார்கள். முதல் வகுப்பில் 65 சதவீதம், அல்லது பத்துக்கு 6.84 சி.ஜி.பி.ஏ. வேண்டும். முதல் இரண்டு செமஸ்டரில் கோட்டைவிட்டவர்கள் இறுதியாண்டில் இந்த எண்ணைப் பிடிக்கப் படும் பாடு சொல்லி மாளாது.

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் ப.வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். மெக்கானிக்கல் டிப்ளமோவில் தொடங்கி, சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ., திருச்சி என்.ஐ.டி.யில் முதுநிலை என்று ஏறியவர். விண்கலத்தின் மின்னணுப் பெட்டிகளில் அதிர்வைத் தணிப்பது எப்படி என்பதே சென்னை ஐ.ஐ.டி.யில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வு. ராக்கெட் கிளம்பும்போது எல்லாமே குலுங்கும். ஒரு சாலிடர் இணைப்பு விட்டுப்போனாலும் மேலே போய் ஒட்ட ஆள் கிடையாது. அதனால் ஒவ்வொரு பெட்டியையும் அதிர்வு மேடையில் போல்ட் போட்டு முடுக்கி உலுக்கி எடுக்கிறார்கள். பிறகு வெற்றிட அறையில் வைத்துச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வாட்டுகிறார்கள். மெக்கானிக்கல் மாணவர்கள் முக்கியக் கேள்விகளை மட்டும் உருப்போட்டுக் கரையேறும் ‘வைப்ரேஷன்’ பாடம் இங்கேதான் வேலைக்கு வருகிறது. இஸ்ரோ தலைவர் வி.நாராயணனும் டிப்ளமோவில் தொடங்கியவர்தான். பிறகு கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியல் படித்தார்.

பொறியியல்தான் படிக்க வேண்டும் என்றும் இல்லை. நிலவின் மேட்டுநிலப் பாறையும் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறையும் ஏறக்குறைய ஒரே வகை. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் இந்தப் பாறை மண்ணைக் கண்டறிந்து இஸ்ரோவுக்கு அனுப்பினார்கள். சந்திரயான் லேண்டரின் கால்களும் ரோவரின் சக்கரங்களும் நிலவுக்குப் போகுமுன் பழகியது நாமக்கல் மண்ணில்!

நேரடி வழி வேண்டுமென்றால், திருவனந்தபுரம் அருகே வலியமலையில் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் (ஐ.ஐ.எஸ்.டி.) இருக்கிறது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும்.

மற்றவர்கள் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பிளேஸ்மென்ட் பேனரைத் தாண்டி, ஆய்வகத்துக்குள் எட்டிப் பாருங்கள். கருவிகளை மாணவர்கள் கையில் கொடுக்கிறார்களா, கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்களா? அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய அனுசாட் 2009-லேயே விண்ணுக்குப் போனது. குளிர்பான டப்பா அளவில் செயற்கைக்கோள் மாதிரி செய்யும் ‘கேன்சாட்’ போட்டி மாணவர்களுக்காகவே நடக்கிறது. எடை, பேட்டரி, பாராசூட், ரேடியோ என்று ஒவ்வொன்றும் மற்றொன்றோடு மல்லுக்கட்டும். பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாக இருப்பவை ஒரே டப்பாவுக்குள் மோதிக்கொள்வதை அங்கே பார்க்கலாம்.

இறுதியாண்டு புராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்காதீர்கள். நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் அதைத்தான் குடைவார்கள். இஸ்ரோ மையங்களிலேயே புராஜெக்ட் செய்யவும் வழி உண்டு. உதவித்தொகை கிடையாது, கல்லூரியின் பரிந்துரை வேண்டும். மூன்றாம் ஆண்டு முடியுமுன்பே துறைத் தலைவரைப் போய்ப் பாருங்கள்.