புது பிராசஸர் லேப்டாப்புக்கு எப்போது வரும்?

"புது பிராசஸர் வந்துவிட்டதாமே, லேப்டாப் வாங்காமல் காத்திருக்கலாமா?" என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. செய்தியில் வரும் தேதி சில சமயம் டெஸ்க்டாப்புக்கானதாக இருக்கும்.

இன்டெல்லின் 12-ஆம் தலைமுறையைப் பாருங்கள். 2021 அக்டோபரில் அறிவிப்பு. நவம்பரில் முதல் டெஸ்க்டாப் சிப்கள் விற்பனை. லேப்டாப்புக்கான 'எச்' வகை 2022 ஜனவரியிலும், மெல்லிய லேப்டாப்புக்கான 'யு' வகை பிப்ரவரியிலும்தான் வெளியாயின.

ஏன் தாமதம்? லேப்டாப்பில் சூடும் பேட்டரிச் செலவும் குறைவாக இருக்க வேண்டும். சிப் பொதுவாக மதர்போர்டிலேயே பற்றவைக்கப்படுவதால், புதிய போர்டு வடிவமைத்துச் சோதிக்க வேண்டும். அதனால்தான் பின்னர் பிராசஸரை மட்டும் மாற்றவும் முடியாது.

எனவே கடைக்காரர் 'ஐ5' என்று சொன்னால் முழு எண்ணையும் கேளுங்கள். 'ஐ5-1235யு' என்றால் 12 தலைமுறை, 'யு' மின்சிக்கன வகை. அவசரத் தேவையா? இன்றே வாங்குங்கள். இல்லையென்றால், லேப்டாப் வெளியாகும் மாதம் தெரிந்த பிறகு காத்திருங்கள்.